செத்துப் பிழைத்த அணிகள்: எந்தக் குண்டு புக்கில் தொடங்கலாம்?

அக்கா மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டான். பரிசாகக் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. அதில் ஒரே ஒரு குண்டு புக் (பல இதழ்களைச் சேர்த்துக் கட்டிய தடித்த தொகுப்பு) வாங்கப்போகிறானாம். சூப்பர் ஹீரோ படங்கள் எல்லாவற்றையும் பார்த்து முடித்தவன், காமிக்ஸ் பக்கம் இப்போதுதான் எட்டிப் பார்க்கிறான். "ஏதாவது ஒரு டீம் கதை சொல்லுங்க மாமா, முதல்ல இருந்து படிக்கணும்" என்று கேட்டான்.

முதலில் இருந்து என்பதில்தான் சிக்கல். அவெஞ்சர்ஸ், எக்ஸ்-மென் இரண்டுக்கும் முதல் இதழ் 1963-இல் வந்தது. ஜஸ்டிஸ் லீக் 1960. இவர்களுக்கெல்லாம் பாட்டனான ஜஸ்டிஸ் சொசைட்டி 1940. வரலாற்று ஆர்வத்தில் புரட்டலாம், தப்பில்லை. ஆனால் இருபது பக்கம் தாண்டுவதற்குள் கொட்டாவி வந்துவிடும். இன்னொரு விஷயம், இந்த அணிகள் எல்லாமே ஒருமுறையாவது செத்தவை. விற்காமல் நின்றுபோயின, அல்லது பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒப்புக்கு ஓடின. பிறகு யாரோ ஒருவர் வந்து உயிர் கொடுத்தார். ரசிகர்கள் இன்று தலையில் வைத்துக் கொண்டாடும் கதைகளில் பெரும்பாலானவை அந்த இரண்டாவது, மூன்றாவது பிறவியில் எழுதப்பட்டவைதான். ஆகவே எந்த அணி என்பதை விட, எந்த அணியின் எந்த மறுபிறவி என்று கேட்பதுதான் காசுக்கு நல்லது.

நமக்கு இந்த அணிக் கதைகளே கொஞ்சம் புதுசு. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் கிளம்பியபோது முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவி. தனி ஆள். மிஞ்சிப்போனால் லாரன்ஸ்-டேவிட் மாதிரி ஜோடி. ஏழெட்டுப் பேர் ஒரே கட்டத்தில் நின்றுகொண்டு ஆளுக்கொரு பலூன் பேசுவதைப் படித்துப் பழக நமக்குக் கொஞ்சம் நாள் பிடிக்கும்.

விருந்தாளியும் வீட்டாளும்

தேர்வுக்கு ஒரு அளவுகோல் வேண்டும். அது 1940-இலேயே கிடைத்துவிடுகிறது.

ஆல் ஸ்டார் காமிக்ஸ் மூன்றாவது இதழில் ஜஸ்டிஸ் சொசைட்டி முதன்முதலாகக் கூடியது. கதாசிரியர் கார்ட்னர் ஃபாக்ஸ். கூடியது என்றால் கூடியது மட்டும்தான். ஃப்ளாஷ், கிரீன் லேன்டர்ன், ஹாக்மேன் என்று எட்டுப் பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். சேர்ந்து சண்டை போடுவதெல்லாம் பிறகு வந்தது. அந்த அணிக்கு ஒரு விசித்திரமான விதி இருந்தது: தனக்கென்று தனி இதழ் கிடைத்துவிட்ட நாயகன் அணியிலிருந்து விலகி, கௌரவ உறுப்பினர் ஆகிவிட வேண்டும். ஃப்ளாஷும் கிரீன் லேன்டர்னும் அப்படித்தான் எழுந்து போனார்கள். சூப்பர்மேனும் பேட்மேனும் ஆரம்பத்திலிருந்தே கௌரவம்தான். இன்னும் பேர் வாங்காதவர்களுக்கு விளம்பரம் வேண்டும் என்பதற்காகப் போட்ட வியாபார விதி அது. பின்னால் தளர்த்திவிட்டார்கள்.

எனக்கென்னவோ அந்த வியாபாரிகள் தங்களுக்கே தெரியாமல் ஒரு கதை ரகசியத்தைப் பிடித்துவிட்டதாகத் தோன்றுகிறது. தனி இதழ் உள்ள நாயகன் அணிக்குள் வரும்போது விருந்தாளியாகத்தான் வருகிறான். அவனுக்குக் கல்யாணமா, சாவா, புது உடையா என்பதை அவனுடைய சொந்த இதழின் ஆசிரியர்தான் முடிவு செய்வார். அணிக் கதை எழுதுபவர் அவனை வாங்கிய நிலையிலேயே திருப்பிக் கொடுத்தாக வேண்டும். வேறு வீடு இல்லாத பாத்திரம் என்றால் கதை வேறு. அவன் வீட்டாள். அவன் அழலாம், துரோகம் செய்யலாம், மூன்றாவது இதழில் செத்தும் போகலாம். ஒரு அணித் தொடரை எடுத்ததும், இதில் எத்தனை பேர் விருந்தாளி, எத்தனை பேர் வீட்டாள் என்று எண்ணிப் பார்த்தால் அது எப்படிப்பட்ட கதை என்பதில் பாதி தெரிந்துவிடும்.

மீதி வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போருக்குப் பிறகு சூப்பர் ஹீரோ மோகம் வடிந்தது. 1951-இல் 57-ஆவது இதழோடு ஜஸ்டிஸ் சொசைட்டி போயிற்று. 58-ஆவது இதழிலிருந்து அந்தப் புத்தகமே ஆல்-ஸ்டார் வெஸ்டர்ன் ஆகி, குதிரையும் துப்பாக்கியுமாக மாறியது. 1956-இல் டிசி கம்பெனியின் ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் ஃப்ளாஷைப் புது ஆளாக மாற்றிக் கொண்டுவந்து பார்த்தார், எடுபட்டது. 1960-இல் பழைய அணியையும் புதுப்பித்தார். சொசைட்டி என்ற சொல் அவருக்குப் பிடிக்கவில்லை. லீக் என்றால் பேஸ்பால் பார்க்கும் பையன்களுக்குச் சட்டென்று புரியும் என்று ஜஸ்டிஸ் லீக் ஆக்கினார். அது நன்றாக விற்றதைப் பார்த்துத்தான் போட்டிக் கம்பெனியான மார்வெல் 1961-இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர், 1963-இல் அவெஞ்சர்ஸும் எக்ஸ்-மென்னும் என்று இறங்கியது.

மார்வெலின் கதாசிரியர் ஸ்டான் லீ விருந்தாளிச் சிக்கலைச் சீக்கிரமே கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன். அவெஞ்சர்ஸ் நான்காவது இதழில் பனிக்கட்டிக்குள்ளிருந்து கேப்டன் அமெரிக்காவை மீட்டார்கள். பதினாறாவது இதழில், 1965-இல், தார், அயர்ன் மேன் போன்ற பெரிய ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு ஹாக்ஐ, குவிக்சில்வர், ஸ்கார்லெட் விட்ச் ஆகிய மூன்று முன்னாள் வில்லன்களைக் கேப்டன் தலைமையில் உட்கார வைத்தார். அதற்குப் பிறகுதான் அந்தப் புத்தகத்துக்குள் குடும்பச் சண்டை வர ஆரம்பித்தது.

சரி, இனி போட்டியாளர்கள்.

எக்ஸ்-மென், 1975

இதில்தான் நான் அதிக நேரம் நிற்கப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து மாணவர்களோடு தொடங்கிய பழைய எக்ஸ்-மென் சரியாகப் போகவில்லை. 1970-இல் 66-ஆவது இதழோடு புதுக் கதைகளை நிறுத்திவிட்டார்கள். அதோடு விட்டார்களா என்றால் இல்லை. 67-இலிருந்து 93 வரை வெறும் மறுபதிப்பு. நாலைந்து வருடம் அந்த நிலையிலேயே ஓடியது. அப்புறம் 1975-இல் ஜயன்ட்-சைஸ் எக்ஸ்-மென் முதல் இதழ் வந்தது. கதை லென் வீன், ஓவியம் டேவ் காக்ரம்.

அவர்கள் பழைய மாணவர்களைத் தூசி தட்டித் திரும்ப நிறுத்தவில்லை. பழைய அணியைக் கிராக்கோவா என்ற தீவு விழுங்கிவிடுகிறது (தீவுக்கே உயிர் இருக்கிறது). அவர்களை மீட்கப் பேராசிரியர் சேவியர் உலகம் முழுக்க அலைந்து புது ஆட்களைப் பிடிக்கிறார். கென்யாவில் ஸ்டார்ம், ஜெர்மனியில் நைட்கிராலர், சோவியத் பண்ணையில் கொலோசஸ், கனடாவின் வுல்வரின், அபாச்சி இனத்துத் தண்டர்பேர்ட், இவர்களோடு முன்பே ஓரிரு கதைகளில் தலைகாட்டிய அயர்லாந்துக்காரர் பான்ஷீ, ஜப்பானியர் சன்ஃபயர். வுல்வரின் அதற்கு முந்தைய வருடம்தான் ஹல்க் இதழில் அறிமுகமாகியிருந்தார். நைட்கிராலர், காக்ரம் வேறொரு கம்பெனியின் லீஜன் ஆஃப் சூப்பர் ஹீரோஸ் தொடருக்காக வரைந்து, அங்கே எடுபடாமல் போய், கையில் வைத்திருந்த உருவம்.

பாருங்கள், ஒருவருக்கும் சொந்த இதழ் கிடையாது. எல்லோரும் வீட்டாள்கள். லென் வீனுக்கு நேரமில்லாததால் தொடர் கிறிஸ் கிளேர்மான்ட் என்ற இளைஞர் கைக்குப் போனது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த, யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத புத்தகம். 95-ஆவது இதழிலேயே தண்டர்பேர்ட் செத்துவிட்டார். இப்படிச் சாதாரணமாகச் சாக விடுகிறார்களே என்று அன்றைய வாசகன் திடுக்கிட்டிருப்பான். அடுத்த இதழிலிருந்து யார் உயிருக்கும் உத்தரவாதம் இல்லை என்ற பயத்தோடுதான் படித்திருப்பான்.

1977-இல் ஓவியர் ஜான் பைர்ன் சேர்ந்தார். அங்கிருந்து 1981 வரையுள்ள முப்பத்து ஆறு இதழ்கள்தான் இந்தத் தொடரின் உச்சம். அதற்குள் டார்க் ஃபீனிக்ஸ் கதை வருகிறது. பழைய ஐந்து மாணவர்களில் ஒருத்தியான ஜீன் கிரே கட்டுக்கடங்காத சக்தி பெற்று ஒரு சூரியனை விழுங்க, அதைச் சுற்றிய கிரகத்தில் ஐந்நூறு கோடி உயிர்கள் மடிகின்றன. ஜீனின் சக்தியைப் பிடுங்கிவிட்டு உயிரோடு விட்டுவிடலாம் என்பதுதான் கிளேர்மான்டும் பைர்னும் முதலில் எழுதி வரைந்த முடிவு. தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. இத்தனை பேரைக் கொன்றவளுக்குத் தண்டனை இல்லையென்றால் எப்படி என்றார். கடைசிப் பக்கங்களை மாற்றி வரைந்தார்கள். 1980-இல் 137-ஆவது இதழில் ஜீன் செத்தாள். மாற்றுவதற்கு முந்தைய முடிவை 1984-இல் தனி இதழாகவும் போட்டார்கள். இரண்டையும் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஷூட்டர் சொன்னதுதான் சரி. (1986-இல் வேறொரு புது அணிக்கு ஆள் தேவைப்பட்டதால் ஜீனை உயிரோடு எழுப்பிவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.)

குறைகளும் சொல்ல வேண்டும். கிளேர்மான்ட் நிறைய எழுதுவார். கொலோசஸ் கதவை உடைப்பது படத்திலேயே தெரியும். மேலே ஒரு பெட்டியில் "கொலோசஸ் கதவை உடைக்கிறான்" என்கிற தோரணையில் நான்கு வரி இருக்கும். நைட்கிராலர் ஜெர்மனில் வாய் முணுமுணுப்பார், பான்ஷீ அயர்லாந்துக் கொச்சையில் பேசுவார், அதையெல்லாம் ஒலிக்கிறபடியே எழுத்துக்கூட்டியிருப்பார்கள். ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்கு முதல் ஐம்பது பக்கம் கல்லும் முள்ளும்தான். கிளேர்மான்ட் பதினாறு வருடம் எழுதினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1991-இல் அவரும் ஜிம் லீயும் சேர்ந்து தொடங்கிய புது எக்ஸ்-மென் முதல் இதழ் எண்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் போய் கின்னஸில் ஏறியது. அதற்காக எல்லாவற்றையும் வாங்க வேண்டும் என்பதில்லை, 143-ஆவது இதழோடு நிறுத்திக்கொண்டாலும் நிறைவாக இருக்கும்.

நியூ டீன் டைட்டன்ஸ், 1980

எக்ஸ்-மென் செய்ததைப் பார்த்து டிசி கொடுத்த பதில் என்று இதைச் சொல்வார்கள். பெரிய நாயகர்களின் எடுபிடிகளாக இருந்த பையன்கள் சேர்ந்த டீன் டைட்டன்ஸ் அதற்கு முன் இரண்டு முறை நின்றுபோன தொடர். மார்வ் வூல்ஃப்மனும் ஜார்ஜ் பெரெஸும் அதில் ராபின், வொண்டர் கேர்ள், கிட் ஃப்ளாஷ், சேஞ்ச்லிங் ஆகியோரை வைத்துக்கொண்டு, சைபோர்க், ஸ்டார்ஃபயர், ரேவன் என்று மூன்று பேரைப் புதிதாகப் படைத்துச் சேர்த்தார்கள். பாதி விருந்தாளி, பாதி வீட்டாள்.

இதில் என்னைக் கவர்வது ராபின் விஷயம். அவன் பேட்மேன் வீட்டுப் பிள்ளை, இங்கே கடனாக வந்தவன். கடன் வாங்கிய பிள்ளையை வளர விட முடியாது. ஆனால் இவர்கள் கதையில் அவன் தலைவனாகிக்கொண்டே போகிறான். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள்: பேட்மேன் இதழுக்கு ஜேசன் டாட் என்ற புது ராபின், பழைய ராபினான டிக் கிரேசன் இங்கேயே இருக்கட்டும் என்று. 1984-இல் அவன் நைட்விங் ஆனான். விருந்துக்கு வந்தவன் வீட்டோடு மாப்பிள்ளை ஆன கதை.

அதே நேரத்தில் ஓடியதுதான் ஜூடாஸ் கான்ட்ராக்ட். டெர்ரா என்ற சின்னப் பெண்ணை அணியில் சேர்க்கிறார்கள். பல்லும் வாயுமாகத் துடுக்காகப் பேசுவாள், வாசகர்களுக்குப் பிடித்துவிட்டது. அவள் ஆரம்பத்திலிருந்தே எதிரி டெத்ஸ்ட்ரோக்கின் ஆள். அவளைத் துரோகியாக்குவதற்காகவே படைத்தார்கள், கடைசியில் திருந்தவும் விடவில்லை. இந்தத் துணிச்சல் பிடிக்கும். அதே சமயம், டெர்ராவின் வயதையும் டெத்ஸ்ட்ரோக்கோடு அவளுக்கிருந்த உறவையும் கதை எடுத்துக்கொண்ட விதம் இன்றைய கண்ணுக்கு உறுத்துகிறது. பதினேழு வயதுப் பையனுக்குக் கொடுக்கும்போது அதைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கொடுப்பது நல்லது.

பெரெஸின் ஓவியத்துக்காகவே வாங்கலாம். ஒரு கட்டத்தில் பத்துப் பேர் நின்றாலும் பத்துப் பேருக்கும் பத்து முகம் இருக்கும். மொழியும் கிளேர்மான்டை விட இலகு. பிரச்சினை ஆரம்ப இதழ்களில்தான். ரேவனின் அப்பன் டிரைகன் என்ற பேய், அவன் இவன் என்று கொஞ்சம் இழுவை.

ஜஸ்டிஸ் லீக், 1987

டிசி தன் உலகத்தையே கலைத்து அடுக்கிய நேரம். சூப்பர்மேனை ஜான் பைர்னும் வொண்டர் வுமனை ஜார்ஜ் பெரெஸும் புதிதாகத் தொடங்கியிருந்தார்கள். ஃப்ளாஷும் புது ஆள். ஜஸ்டிஸ் லீக்கைப் புதுப்பிக்க வந்த கீத் கிஃபெனுக்கு இவர்களில் யாரையும் தர மாட்டோம் என்றார்கள். பேட்மேன் மட்டும் கிடைத்தார். மற்றபடி கிடைத்ததெல்லாம் மிச்சசொச்சம்: வேறு கம்பெனிகளிடமிருந்து டிசிக்கு வந்து சேர்ந்த புளூ பீட்டில், கேப்டன் மார்வெல் (படத்தில் ஷசாம் என்று வருபவர்), ஜாக் கிர்பியின் கைவிடப்பட்ட பாத்திரம் மிஸ்டர் மிரக்கிள், யாருக்கும் பிடிக்காத கிரீன் லேன்டர்னான கை கார்ட்னர். பந்திக்கு வரவேண்டிய பெரிய மனிதர்கள் யாரும் வராமல், சமையல்காரரும் டிரைவரும் உட்கார்ந்து சாப்பிட்ட மாதிரி ஓர் அணி.

கிஃபென் இதை வைத்து என்ன செய்தார் தெரியுமா? சிரிக்க வைத்தார். அவர் கதையைக் கட்டம் கட்டமாகக் கிறுக்கிக் கொடுப்பார், ஜே. எம். டிமட்டைஸ் வசனம் எழுதுவார், கெவின் மக்வயர் வரைவார். மக்வயர் அளவுக்கு முகபாவம் வரைந்தவர் சூப்பர் ஹீரோ காமிக்ஸில் அபூர்வம். ஒரே ஆள், ஒரே கோணம், ஆறு கட்டம், ஒவ்வொன்றிலும் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கும். உலகத்தைக் காப்பாற்றுவது இருக்கட்டும், இவர்களுடைய பெரும்பாலான நேரம் யார் பேச்சை யார் கேட்பது, சம்பளம் எப்போது வரும் என்பதிலேயே போகும். புளூ பீட்டிலும் பூஸ்டர் கோல்டும் அணியின் பணத்தில் ஒரு தீவில் சூதாட்ட விடுதி திறந்ததெல்லாம் நடந்திருக்கிறது.

எண்பதுகளின் அமெரிக்க டிவி, அரசியல் நையாண்டி சிலது நமக்குத் தலைக்கு மேலே போகும். ரீகன் காலத்துப் பனிப்போர் வாசனையும் உண்டு. ஆனால் அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும், ஹாஸ்டலில் நான்கு பேரோடு ஒரே அறையில் இருந்த எவருக்கும் இந்தச் சண்டைகளுக்கு விளக்கம் தேவையில்லை. முதல் ஏழு இதழ்கள் படித்தால் போதும், நமக்குச் சரிப்படுமா இல்லையா என்று தெரிந்துவிடும். (ஏழாவதிலிருந்து பெயர் ஜஸ்டிஸ் லீக் இன்டர்நேஷனல்.) இந்தப் பட்டியலில் குறைந்த செலவில் சோதித்துப் பார்க்கக்கூடியது இதுதான்.

ஜேஎல்ஏ (ஜஸ்டிஸ் லீக் ஆஃப் அமெரிக்கா), 1997

கிஃபென் கூட்டணி போனபிறகு ஜஸ்டிஸ் லீக் மறுபடி சோகையானது. கிராண்ட் மாரிசன் வந்து நேர்மாறாகச் செய்தார்: பெரிய தலைகள் எல்லோரும் வாருங்கள். சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் வுமன், ஃப்ளாஷ், கிரீன் லேன்டர்ன், அக்வாமேன், செவ்வாய்க்காரரான மார்ஷியன் மேன்ஹன்டர். கடவுள்கள் பூமியைக் காவல் காப்பதுபோல எழுதினார். முதல் கதையில் வேற்றுக்கிரகக் கும்பல் ஒன்று எல்லோரையும் பிடித்துவிடும், எந்தச் சக்தியும் இல்லாத பேட்மேன் மட்டும் மிஞ்சுவார். எதிரிகள் செவ்வாய்க்காரர்கள், அவர்களுக்கு நெருப்பென்றால் ஆகாது என்று அவருக்குப் புரிந்ததும், ஒரு தீக்குச்சியைக் கிழிப்பார். விசில் அடிக்கத் தோன்றும் காட்சி.

ஆனால் நூறு சதவீதம் விருந்தாளி அணி. அதன் விலை என்னவென்று பாருங்கள். தொடர் தொடங்கிச் சில மாதத்தில் சூப்பர்மேன் நீல நிற மின்சார உடம்போடு வந்து நிற்கிறார். ஏன்? அவருடைய சொந்த இதழில் அப்படி மாற்றிவிட்டார்கள். கொஞ்ச நாளில் வொண்டர் வுமன் இடத்தில் அவருடைய அம்மா வந்து நிற்கிறார். ஏன்? மகள் தன் சொந்த இதழில் செத்துவிட்டாள். மாரிசன் கெட்டிக்காரர், சமாளித்துக்கொண்டு போகிறார். புதிதாகப் படிப்பவன் குழம்பிப்போவான். சினிமாவுக்கு மிகப் பக்கத்தில் நிற்கும் காமிக்ஸ் வேண்டும், பிரம்மாண்டம் வேண்டும் என்றால் இது. பாத்திரங்கள் மனதில் தங்க வேண்டும் என்றால் வேண்டாம்.

அவெஞ்சர்ஸ், 1998

இதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 1996-இல் மார்வெல் தன் பெரிய தலைப்புகள் சிலவற்றை வெளியே இருந்த ஸ்டூடியோக்களிடம் ஒரு வருடத்துக்கு ஒப்படைத்தது. அவெஞ்சர்ஸும் அதில் போனது, ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். திரும்பி வந்ததும் கர்ட் பியூசிக், ஜார்ஜ் பெரெஸ் கையில் கொடுத்தார்கள். வீட்டைக் கழுவிவிட்டு மறுபடி குடியேறின மாதிரி இருக்கும் கதை இது. அல்ட்ரான் என்ற ரோபோ வில்லன் ஒரு நாட்டையே அழிக்கும் கதைதான் உச்சம், 19 முதல் 22 வரை. ஸ்கார்லெட் விட்ச், விஷன், ஹாக்ஐ என்று வீட்டாள்களைப் பியூசிக் பொறுப்பாகக் கவனித்துக்கொள்கிறார். ஆனால் ஏற்கெனவே முப்பத்தைந்து வருடம் படித்தவனுக்கு ஊட்டிய விருந்து இது. பழைய கணக்குகள் ஏராளம். நான் இதை உச்சிமுகர்ந்து படித்தேன், என் அக்கா மகனுக்கு வாங்கிக்கொடுக்க மாட்டேன்.

2004-இல் பிரையன் மைக்கேல் பென்டிஸ் அந்த வீட்டை இடித்துவிட்டு, ஸ்பைடர்மேன், வுல்வரின், லூக் கேஜ் என்று நியூ அவெஞ்சர்ஸ் கட்டினார். நன்றாக விற்றது. அதிலும் நின்று பேச வைப்பவர் சொந்த இதழ் இல்லாத லூக் கேஜ்தான், ஸ்பைடர்மேன் இல்லை.

கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி, 2008

1969-இல் வந்த கார்டியன்ஸ் வேறு ஆட்கள், 31-ஆம் நூற்றாண்டில் நடக்கும் கதை. டான் ஆப்நெட், ஆண்டி லானிங் இருவரும் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். க்ரூட் 1960-இல் ராட்சசக் கதை ஒன்றில் வந்துபோன மரம். ராக்கெட் 1976-இல் ஒரு துணைக்கதையில் தலைகாட்டியது. இவர்களை ஸ்டார்-லார்ட் தலைமையில் முதலில் ஒரு கூட்டமாகச் சேர்த்தது யார் தெரியுமா? 2007-இல் ஒரு குறுந்தொடரில் கீத் கிஃபென். மிச்சசொச்சத்தைச் சேர்த்துச் சமைப்பதில் அந்த மனிதருக்கு அப்படி ஒரு கைராசி.

இருபத்து ஐந்தே இதழ்கள். செத்துப்போன ஒரு பிரம்மாண்டமான உயிரின் வெட்டுண்ட தலைக்குள் அணியின் இருப்பிடம், அங்கே காவலுக்கு மனத்தோடு பேசும் ரஷ்ய நாய். கொண்டாட்டமான புத்தகம். அதில் எனக்குப் பிடித்த திருப்பம் ஆறாவது இதழில் வருகிறது. எல்லோரும் மனமுவந்துதான் சேர்ந்தோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் ஸ்டார்-லார்ட் கேட்டுக்கொண்டதால் அணியின் மனோசக்திக்காரி மான்டிஸ் அவர்கள் மனதைச் சற்றே தள்ளிவிட்டிருக்கிறாள். தெரிந்ததும் அணி உடைகிறது. ஏன் இவர்கள் ஒன்றாக இருக்கிறார்கள் என்று எல்லா அணிக் கதையிலும் வாசகன் கேட்கும் கேள்வியையே எடுத்துக் கதையாக்கிவிட்டார்கள்.

சிக்கல் ஒன்றே ஒன்று: இதற்கு முந்தைய விண்வெளிப் போர்க் கதைகள் தெரிந்திருந்தால் சுவை கூடும், தெரியாவிட்டால் முதல் இரண்டு இதழ்கள் மங்கலாக இருக்கும். 2014-இல் வந்த படத்தைப் பார்த்தவர்கள் க்ரூட், ராக்கெட் முகங்களைப் பிடித்துக்கொண்டு தாண்டிவிடலாம்.

எதை வாங்குவது?

எக்ஸ்-மென்னின் 2019 மறுபிறவியையும் சிலர் பரிந்துரைப்பார்கள். ஜொனதன் ஹிக்மன் எழுதிய ஹவுஸ் ஆஃப் எக்ஸ், பவர்ஸ் ஆஃப் எக்ஸ், பன்னிரண்டு இதழ்கள், இரண்டையும் மாற்றி மாற்றிப் படிக்க வேண்டும். 1975-இல் அணியை விழுங்கிய அதே கிராக்கோவா தீவு இதில் அவர்களுக்குச் சொந்த நாடாகிறது. பிரமாதமான மூளை வேலை. ஆனால் 1975-ஐப் படித்தவனுக்குத்தான் அந்தத் தீவின் பெயரைப் பார்த்ததும் உடம்பு சிலிர்க்கும். இரண்டாவது புத்தகமாக வைத்துக்கொள்ளலாம்.

பொறுமை இருக்கிறது, ஆங்கிலம் ஓரளவு ஓடும், வருடக் கணக்கில் கூட வரும் பாத்திரங்கள் வேண்டும் என்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு 1975 எக்ஸ்-மென் வாங்கலாம். என்னுடைய முதல் ஓட்டு அதற்குத்தான். ஓவியம்தான் முக்கியம் என்றால் டைட்டன்ஸ். ஒரு மாதத்தில் தொடங்கி முடித்துவிட வேண்டும் என்றால் கார்டியன்ஸ். ஜேஎல்ஏ 1997-ஐ நூலகத்திலோ நண்பனிடமோ இரவல் வாங்கி முதல் நான்கு இதழ் மட்டும் படியுங்கள், தீக்குச்சி கிழிக்கும் இடம் அதற்குள் வந்துவிடும். அவெஞ்சர்ஸ் 1998-க்கு இன்னும் ஐந்து வருடம் போகட்டும்.

வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். ஓம்னிபஸ் என்று விற்கும் மிகப் பெரிய தொகுப்புகள் அலமாரிக்கு அழகு, மடியில் வைத்துப் படித்தால் தொடை மரத்துப்போகும். நான் ஆசைப்பட்டு இணையத்தில் வாங்கிய ஒன்று முனை நசுங்கி வந்து சேர்ந்தது, மாற்றித் தரக் கேட்டு அலைந்ததில் ஒரு மாதம் போனது. மெல்லட்டைத் தொகுப்பாக வாங்கினால் பேருந்திலும் படிக்கலாம், நசுங்கினாலும் மனம் பதறாது.

இவ்வளவையும் போனில் பையனுக்கு விளக்கினேன். விருந்தாளி, வீட்டாள், 1940 விதி, எல்லாம். பொறுமையாகக் கேட்டான். கடைசியில், "அதெல்லாம் சரி மாமா, பேட்மேன் எதுல இருக்காரு?" என்றான்.

யோசித்துப் பார்த்தேன். அப்படியானால் 1987 ஜஸ்டிஸ் லீக்தான். அத்தனை வீட்டாள்களுக்கு நடுவே ஒரே ஒரு பெரிய விருந்தாளி, அவரும் தலைமையாசிரியர் மாதிரி முறைத்துக்கொண்டே இருப்பார். முதல் தொகுப்பை மெல்லட்டையில் வாங்கச் சொன்னேன். முதல் மூன்று இதழ் புரியாவிட்டாலும் பரவாயில்லை, கை கார்ட்னர் வாய்க்கொழுப்பெடுத்துப் பேட்மேனை ஒத்தைக்கு ஒத்தை கூப்பிடும் ஐந்தாவது இதழ் வரை கீழே வைக்காதே என்றேன்.

புத்தகம் வந்து இரண்டாவது நாள் ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு செய்தி வந்தது: "மாமா! ஒரே குத்தா!!"